கயிற்றின் நீளம் பதினோரு முழம்

போன மாதம் ஒரு தொலைக்காட்சியிலிருந்து காயத்ரி என்ற இளம் செய்தியாளர் எனக்குப் போன் செய்தார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளில் ஒன்றைத் தோளில் வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வழிந்தோடும் தடுப்பணைச் சுவரின் மேலேயே நடந்து பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிற காட்சி அன்று காலையிலிருந்து எல்லோருடைய போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. 'பிள்ளைகள் உயிரோடு விளையாடும் தந்தை' என்று தலைப்பும் போட்டாயிற்று.

"சார், நீங்க சீனியர். இந்த மாதிரி பெத்தவங்களைக் கண்டிச்சு ரெண்டு வார்த்தை பேசினீங்கன்னா போதும். முப்பது செகண்ட்."

"பாலம் எவ்வளவு தூரத்துல இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"எந்தப் பாலம் சார்?"

"அந்த மனுஷன் அணை மேல நடக்காம ஒழுங்காப் பாலத்து வழியாப் போகணும்னா எத்தனை மைல் சுத்தணும்?"

"தெரியல சார். வீடியோ எங்களுக்கே போன்லதான் வந்துச்சு."

"அப்ப எனக்கும் கண்டிக்கத் தெரியலம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவருடைய வயதில் நான் இதைவிட மோசமாகச் செய்தவன். மறுபடி நானே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதை எழுதிக் குடுங்க சார், எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிக்கட்டும்" என்றார். எழுதுகிறேன்.

நான் முப்பத்தோரு வருடம் ஒரு மாலைப் பத்திரிகையில் குப்பை கொட்டினவன். பள்ளியிறுதி முடித்ததும் தஞ்சாவூரில் அந்தப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோர்க்கிற வேலையில் சேர்ந்தேன். மூன்று வருடம் கருத்த விரலோடு போயிற்று. நாலாவது வருடம் மன்னார்குடி நிருபர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, "உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கு, நீ போ" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். நிருபராக எனக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

அப்போது செய்தி அனுப்புகிற முறையைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். மாலைப் பத்திரிகை என்றால் மதியம் ஒரு மணிக்கு அச்சு ஓடும். அதற்குள் செய்தி தஞ்சாவூர் போய்ச் சேர வேண்டும். காலை பத்தரை மணி பஸ்தான் எனக்குக் கடைசி பஸ். எழுதியதை ஒரு கவரில் போட்டு, மேலே சிவப்பு மையில் 'செய்தி, மிக அவசரம்' என்று எழுதி, கண்டக்டர் கையில் கொடுப்பேன். தஞ்சாவூரில் எங்கள் ஆபீஸ் ஆள் பஸ் நிலையத்தில் நின்று வாங்கிக்கொள்வார். அதே செய்தி மூன்றரை மணிக்கு மன்னார்குடிக்குப் பத்திரிகைக் கட்டாகத் திரும்பி வரும். கட்டோடு நாலைந்து போஸ்டர்களும் வரும். அதைக் கடைக்காரர்கள் கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் தொங்கவிடுவார்கள். பத்திரிகை வாங்காதவனும் போஸ்டரைப் படிப்பான். எங்கள் பிழைப்பே அந்தப் போஸ்டரில்தான் ஓடியது.

எங்கள் செய்தி ஆசிரியர் பெயர் சிங்காரம். குட்டையான மனிதர். செருப்பை வாசலில் ஜோடியாக, மூக்கு வெளியே பார்க்கும்படி விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்களைப் போன்ற சின்னப் பையன்களையும் 'வாங்க, சொல்லுங்க' என்றுதான் பேசுவார். அந்த 'ங்க'வுக்கு நாங்கள் நடுங்குவோம். வந்த செய்தியை உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, தெருவில் போகிற யாரோ படிப்பதைப்போல, தட்டுத் தடுமாறி உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். எழுதியவனுக்குப் பதில் தெரியாவிட்டால் செய்தி மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். திட்டெல்லாம் கிடையாது. இழுப்பறையை மூடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

நிருபரான முதல் வருடம் ஐப்பசி மழையில் ஒரு வடிகால் ஆறு உடைத்துக்கொண்டது. 'ஊரே மூழ்கியது' என்று எழுதி, அன்றைக்குக் கவரை நானே எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். முதல் பக்கம் நிச்சயம் என்ற நினைப்பு. சிங்காரம் நின்று படித்தார்.

"எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி போச்சு தம்பி?"

"நிறைய வீடு சார்."

"நிறையன்னா எத்தனைங்க?"

நான் எண்ணவில்லை. இழுப்பறை மூடிக்கொண்டது. மறுநாள் முழங்கால் தண்ணீரில் போய் எண்ணினேன். ஏழு வீடு. 'ஏழு வீடுகளில் வெள்ளம்' என்று ஆறு வரியில் மூன்றாம் பக்கத்தில் வந்தது. ஆனால் அந்த ஏழு வீட்டுக்கும் அரிசியும் மண்ணெண்ணெயும் போய்ச் சேர்ந்தன. 'ஊரே மூழ்கியது' என்று போட்டிருந்தால் யார் வீட்டுக்கு என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதைப் புரிந்துகொண்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கட்சி இரண்டாகி, ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கரை வேட்டியும் தம்பி ஒரு கரை வேட்டியும் கட்டிக்கொண்டு முகம் பார்க்காமல் திரிந்த காலம் அது. நில உச்சவரம்பு என்று ஒரு பக்கம் பேச்சு. நிலத்தை மச்சான் பேரிலும் மாட்டுக்காரன் பேரிலும் மாற்றி எழுதுவது இன்னொரு பக்கம். குறுவை நடவு வந்தால் கூலித் தகராறும் கூடவே வரும். மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஊரில் நடவுப் பெண்கள் சங்கம் வைத்து, கூலி உயர்வு கேட்டிருந்தார்கள். கோரிக்கைப் பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது: நடவு நடக்கிற இடத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்து, அவளுக்கும் ஒரு ஆள் கூலி தர வேண்டும். மிராசுதார் மற்றதையெல்லாம் பேசலாம் என்றாராம். இதைக் கேட்டுத்தான் சிரித்தாராம்.

பேச்சுவார்த்தை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க, காலை ஏழு மணிக்கெல்லாம் சைக்கிளில் அந்த ஊருக்குப் போனேன். பஞ்சாயத்து எதுவும் அன்றைக்கு இல்லை. பாதி வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் குடையோடு நின்றார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"வாங்க தம்பி, வாங்க. கூலி கூலின்னு எழுதுறீங்களே, இவங்க லட்சணத்தையும் கொஞ்சம் எழுதுங்க. இப்படி வந்து பாருங்க."

கூட்டிப்போய்க் காட்டினார். வாய்க்கால் ஓரமாக ஒரு பூவரச மரம். மரத்தடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அதன் இடுப்பில் பழைய சேலையைத் திரித்த கயிறு. கயிற்றின் இன்னொரு முனை மரத்தில் கட்டியிருந்தது.

என்னிடம் ஒரு பழைய பெட்டிக் கேமரா இருந்தது. குனிந்து படம் எடுத்தேன். அதுவரை பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த குழந்தை, முகத்துக்கு நேரே நீண்ட கேமராவைப் பார்த்து வீறிட்டது. நான் இரண்டாவது படமும் எடுத்தேன். தாய் தனபாக்கியம், அங்கிருந்து முப்பது கெஜம் தள்ளி வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். காரியக்காரர்தான் பெயரைச் சொன்னார். குழந்தை அழுததும் நிமிர்ந்து பார்த்தாள். சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு எங்களை நோக்கி வர ஆரம்பித்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மன்னார்குடி போய் எழுத வேண்டும். பத்தரை மணி பஸ். அன்று போட்டிருந்தது புது வெள்ளைச் சட்டை வேறு. இறங்கி நாலு அடி வைத்திருந்தால் போதும், அவளிடம் பேசியிருக்கலாம். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அன்றைக்குச் சிங்காரம் ஆபீசில் இல்லை. மகள் கல்யாண வேலையாக மூன்று நாள் விடுப்பு. அவர் இடத்தில் இருந்தவர் போஸ்டர் கண்ணை இழுத்தால் போதும் என்கிற மனிதர். படத்துக்கு அச்சுக்கட்டை செய்ய ஒரு நாள் எடுத்துக்கொண்டு, மறுநாள் வெளியிட்டார்கள். படத்தில் வயலும் வாய்க்காலும் வெட்டப்பட்டு, கயிறும் அழுகிற வாயும் மட்டும் இருந்தன. 'கதறக் கதறக் குழந்தையைக் கட்டிப்போட்ட தாய்!' என்று தலைப்பு. 'கதறக் கதற' என்னுடைய வார்த்தைதான். இன்னொருவர் தலையில் போட மாட்டேன். போஸ்டரில் ஊர்ப் பெயர் உள்ளங்கை அகல எழுத்தில் இருந்தது.

மன்னார்குடிக்கு வந்த கட்டு நாலரை மணிக்கே தீர்ந்து, ஏஜெண்ட் இன்னொரு கட்டுக்குத் தந்தி அடித்தார். என்னைத் தெருவில் நிறுத்திக் கை கொடுத்தார்கள். "பெத்தவளா அவ, பேய்" என்றார் ஒரு வக்கீல். நானும் ஆமாம் போட்டேன். இத்தனைக்கும் அந்த மாதம்தான் என் மூன்று வயது மகனைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஆற்றங்கரையில் வேகமாக ஓட்டி, அவன் கால் சக்கரத்துக்குள் மாட்டி, ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டுக்கொண்டு வந்திருந்தோம். அதை யாரும் செய்தி என்று நினைக்கவில்லை. நானும்தான்.

மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸ் ஜீப் அந்த ஊருக்குப் போனது. கூடவே நகரத்து மாதர் சங்க அம்மாள்கள் இரண்டு பேர். பூவரச மரத்திலிருந்த கயிற்றைப் போலீஸ்காரர் ஒருவர் அறுத்து சாட்சியாக எடுத்துக்கொண்டார். குழந்தையை, விசாரணை முடிகிறவரை என்று சொல்லி, தஞ்சாவூரில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தனபாக்கியம் ஜீப்பின் பின்னாலேயே சாலை வரை ஓடினாளாம். கூலிப் பேச்சும் அதோடு முறிந்தது. பிள்ளையைக் கட்டிப்போடுகிற ஜனங்களோடு என்ன பேச்சு என்று மிராசுதார் எங்கள் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினாராம்.

சிங்காரம் விடுப்பு முடிந்து வந்ததும் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். பத்திரிகையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். வழக்கம்போல, தெரியாதவர் படிப்பதுபோல, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தார். என் வார்த்தைகளை இன்னொருவர் வாயில் கேட்கும்போது காது கூசியது. படித்து முடித்துக் கேட்டார்:

"கயிறு எவ்வளவு நீளங்க?"

"தெரியல சார்."

"கட்டினவங்களைக் கேட்டீங்களா?"

"வயல்ல இருந்தாங்க சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அச்சாகிவிட்ட செய்தியை இழுப்பறைக்குள் போட முடியாது. அவர் இழுப்பறையைத் திறந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மூடினார். "போய் அளந்துட்டு வாங்க" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

மறுநாள் போனேன். நடவு பாக்கி வயலில் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வரிசை அப்படியே நின்றது. ஒரு பெண் நாற்று முடியைத் தண்ணீரில் எறிந்துவிட்டுச் சொன்னாள்:

"வந்துட்டாருடி பேப்பர்காரரு. இன்னும் யாரு புள்ளைய எடுத்துக்கிட்டுப் போவணுமாம், கேளுங்கடி."

செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன். முழங்கால் வரை போயிற்று. தனபாக்கியத்தின் எதிரே போய் நின்றேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அழுது அழுது கண்ணிமை தடித்திருந்தது. கையில் நாற்றுமுடி, நடுகிற கை மட்டும் நிற்கவில்லை.

"அம்மா, நான் அன்னிக்கே உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்காம எழுதிட்டேன். தப்பு. இப்ப கேக்க வந்திருக்கேன். கயிறு எவ்வளவு நீளம்?"

அவள் நிமிர்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "பதினோரு மொழங்க" என்றாள். அப்புறம், "வாய்க்கா பதிமூணு மொழம்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அறுந்த கயிற்றின் ஒரு சுற்று இன்னும் மரத்தில் இருந்தது. முழங்கையை ஊன்றி, அங்கிருந்து வாய்க்கால் விளிம்பு வரை தரையில் அளந்து காட்டினாள். பதிமூன்று முழம்.

"புள்ளைய அந்தண்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தேன். அது குப்புற விழுந்து கைய நீட்டினாக்கூட தண்ணி எட்டப்படாது. அதுக்குத்தான் ரெண்டு மொழம் கொறைச்சுக் கட்டினது. முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கும், அதுக்கு அவுக்கத் தெரியாது. மாசம் ஒருக்கா மரத்துல ஒரு சுத்து கூடுதலாச் சுத்துவேன். புள்ள வளருதுல்ல, கையும் நீளுதுல்ல."

"பாத்துக்க வீட்டுல வேற யாரும் இல்லையாம்மா?"

"பெரியவ இருக்கா. பூங்கொடி. எட்டு வயசு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இதுக்கு மேல எனக்கு ஒரு பய இருந்தான். போன வருசத்துக்கு முந்தின வருசம், பூங்கொடிதான் வச்சிருந்தா. ஆறு வயசுப் புள்ளைங்க அவ. தும்பி புடிக்கத் திரும்பிருக்கா, அதுக்குள்ள அவன் வாய்க்காலுக்குப் போயிட்டான். அப்புறம் ஒரு வருசம் அவ வாயே தொறக்கல. தமிழரசி பொறந்ததும், இவளை அவ கையில குடுக்கப்படாதுன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு அவ மேல கோவமில்லைங்க. அவளுக்கு ராத்திரியெல்லாம் தூக்கித் தூக்கிப் போடும். அதான் அவளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, இவளுக்குக் கயித்தக் கட்டினேன். மூணாவது படிக்கிறா. எழுத்துக் கூட்டிப் படிக்கிறா."

மரத்தடியில் நின்றவாறே அழுதேன். வெட்கமாக இல்லை. அன்றைக்கு 'கட்டிப்போட்ட தாய்' என்று நான் எழுதினேனே, அந்தக் கயிறு ஒரு குழந்தையைத் தண்ணீரிடமிருந்தும் இன்னொரு குழந்தையை அந்த நினைப்பிலிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது ஆபத்தில்லாத வழி என்று சொல்லவில்லை. வெயில் இருக்கிறது, பாம்பு பூச்சி இருக்கிறது, கயிறு சுற்றிக்கொள்ளலாம். அவளுக்கும் அதெல்லாம் தெரியும். இருக்கிற ஆபத்துகளில் எது சின்னது என்று முழம் போட்டு அளந்து எடுத்திருந்தாள். எனக்குத்தான் அளக்க நேரமில்லை.

ஆபீசில் முதலாளி மறுப்பு வெளியிட ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரிகையின் மானம் போய்விடும் என்றார். சிங்காரம் சண்டை போடவில்லை. "மறுப்பு வேண்டாங்க. புதுச் செய்தியாப் போடுவோம். ஆனா அதே பக்கம், அதே அளவு, போஸ்டரும் வேணும்" என்றார். அதை எப்படியோ சாதித்தும் விட்டார். இரண்டாவது கட்டுரையை நான் நாலு முறை எழுதினேன். குழந்தை அழுதது என் கேமராவைப் பார்த்துத்தான் என்ற வரியை மூன்று முறை விட்டுவிட்டேன்; மூன்று முறையும் அவர் 'குழந்தை ஏன் அழுதுச்சுங்க?' என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாலாவது முறை எழுதிவிட்டேன். போஸ்டரில் 'கயிறு பதினோரு முழம். வாய்க்கால் பதிமூன்று முழம்' என்று வந்தது. கடைத்தெருவில் யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாதிக் கட்டு விற்காமல் திரும்பியது. ஏஜெண்ட் என்னைப் பார்த்து, "கணக்குப் பாடமா நடத்துறீங்க?" என்றார்.

தாசில்தார் படித்தார். என்னைக் கூப்பிட்டனுப்பி எழுத்து மூலமாகக் கேட்டார். தாயிடம் பேசாமல் எழுதினேன், வாய்க்கால் தூரத்தைப் பார்க்கவில்லை என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வேலைக்கால எழுத்தில் சுருக்கமானதும் உண்மையானதும் அதுதான். குழந்தை போய்ப் பத்தொன்பதாம் நாள் திரும்பக் கிடைத்தது. காப்பகத்து வாசலில் நானும் இருந்தேன். தனபாக்கியம் கையை நீட்டியபோது தமிழரசி ஆயாவின் தோளை இறுக்கிக்கொண்டது. பத்தொன்பது நாள் ஒன்றரை வயதுக்கு ரொம்ப நாள். தனபாக்கியம் அவசரப்படவில்லை. தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்து கொஞ்சம் பொரியை எடுத்துப் பக்கத்தில் பரப்பினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை இறங்கி வந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையைக் கொடுக்கும்போது, இனிமேல் கட்டிப்போட மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லோரையும் போல நானும் அது நியாயம்தானே என்று இருந்துவிட்டேன்.

ஆடி மாதக் கடைசியில் களையெடுப்புச் சமயம் அந்தப் பக்கம் போனபோது, பூவரச மரத்தடியில் பாவாடை சட்டையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். தங்கையை மடியில் இருத்தி இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்திருந்தாள். குழந்தை இறங்கி விளையாட நெளிந்தது, அவள் விடவில்லை. கண் வாய்க்காலை விட்டு நகரவில்லை.

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா பாப்பா?"

"நான் நின்னுட்டேன் சார். கயிறு கட்டக்கூடாதுன்னு தாசில்தார் சொல்லிட்டாராம். நாந்தான் பாத்துக்கணும்."

சொல்லும்போதும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

தஞ்சாவூர் போய்ச் சிங்காரத்திடம் சொன்னேன். இதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதினா யாரு ஜீப்புல வருவாங்க தம்பி?" என்றார். அவர் சொந்தமாகத் தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கைநாட்டு வாங்கியது வாங்கியதுதான் என்று பதில் வந்தது. சங்கத்துக்காரர்களிடம் போனேன். பிள்ளை பார்க்கிற பெண்ணுக்குக் கூலி என்ற அந்தக் கடைசிக் கோரிக்கையை முதல் கோரிக்கையாக மாற்றினார்கள். அது நிறைவேற மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் தமிழரசி தானே நடந்து பாலர் பள்ளிக்குப் போகிற வயது வந்துவிட்டது. பூங்கொடிக்கு மூன்றாம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்காரக் கூச்சம் வந்துவிட்டது. நடவுக்கு இறங்கிவிட்டாள்.

அதன் பிறகு என் வேலையில் நான் பெரிய வீரம் எதுவும் செய்யவில்லை. வயலில் இருப்பவரிடம் வயலில் இறங்கிப் பேசினேன். அதனால் பத்தரை மணி பஸ்ஸைப் பலமுறை விட்டேன். போட்டிப் பத்திரிகையில் முந்தி வந்த செய்தி என்னிடம் மறுநாள் வந்ததுண்டு. இரண்டு தடவை விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. சிங்காரம் ஓய்வு பெற்றுப் போகும்போது எனக்குக் கை கொடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குறுவை நடந்து பதினைந்து வருடம் கழித்து ஒரு சாயங்காலம், மன்னார்குடி பஸ் நிலையத்துக் கடையில் எங்கள் பத்திரிகை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். தொங்குகிற போஸ்டர்களுக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்று, உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு போஸ்டர் முடிந்ததும் அடுத்ததற்கு நகர்ந்தாள். கடைசிப் போஸ்டரையும் முடித்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"நீங்க பேப்பர்காரர்தானே சார்? நான் தமிழரசியோட அக்கா."

"நல்லா இருக்கியாம்மா? தங்கச்சி எப்படி இருக்கா?"

"அவ பிளஸ் டூ படிக்கிறா சார். நர்சுக்குப் போவணுங்கிறா." முகம் மலர்ந்து சொன்னாள். "அம்மாவும் நல்லா இருக்காங்க. இன்னும் நடவுக்குப் போறாங்க, சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாங்க."

"பேப்பர் வாங்க வந்தியா? இரு, நான் ஒண்ணு வாங்கித் தர்றேன்."

"இல்ல சார், வேண்டாம். டவுனுக்கு வந்தா இந்தப் போஸ்டரை மட்டும் படிச்சுப் பாத்துட்டுப் போவேன்."

"அப்படி என்னம்மா பாக்குறே?"

"எங்க ஊரு பேரு இருக்கான்னுதான் சார்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "மூணாவது வரைக்கும் படிச்சது அதுக்குப் போதுது" என்று சிரித்தாள். பஸ் வந்தது. பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, போயிட்டு வர்றேன் சார் என்று ஏறிப் போய்விட்டாள்.

காயத்ரி நேற்றுப் பேசினார். நேரில் போயிருந்தாராம். பாலம் நாலரை மைல் சுற்றாம். அதுவும் வெள்ளத்தில் ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறதாம். பிள்ளைகளில் ஒன்றுக்குப் பரீட்சையாம். கண்டிக்க இனிமேல் ஆள் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன் சார் என்றார். நல்லது, ஊர்ப் பெயரைப் பார்த்துப் போடும்மா என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் நான் செய்த முதல் வேலை, எங்கேயாவது கை தவறி அந்த ஊரின் பெயரை எழுதிவிட்டேனா என்று மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகத் தேடிப் பார்த்ததுதான்.